ஆம்பூருக்கு வந்த குரல்

மதராஸ்,
14 பிப்ரவரி 1932

அன்புள்ள அக்காவுக்கு,

ரத்தினசாமி எழுதுவது. நீயும் சின்னப்பன் மாமாவும் குழந்தை மரியம்மாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம்.

இரண்டு சேதி. பிராட்வே விளம்பரக் கம்பெனியில் என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். இனி நான் கவர் ஒட்டுகிற குமாஸ்தா இல்லை, பத்திரிகை விளம்பரங்களுக்கு வாசகம் எழுதுகிறவன். போன வாரம் கூந்தல் தைலத்துக்கு ஒரு பெண் படம் போட்டு, ‘சீப்பு உடையும், முடி உதிராது’ என்று வந்ததே, அது நான் எழுதியது. மானேஜர் ராமலிங்கம் சட்டென்று யாரையும் புகழமாட்டார். அதைப் படித்துவிட்டு, “வார்த்தை காதுல விழுந்தா போதாதுப்பா, கையில விழணும். கை பைக்குள்ள போகணும். உனக்கு அது வருது” என்றார்.

இன்னொன்று, கார்ப்பரேஷன் ரேடியோவில் சாயங்கால அறிவிப்பாளனாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடி போட்ட ஓர் அறையில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்கள். பெரிய வெள்ளியன்று நம் கோயிலில் சேசுவின் பாடுகளை வாசிப்பேனே, அதே மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கையைத் தூக்கிப் போதும் என்றார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எழுந்தேன். நாளைக்கே வா என்றார்.

கடற்கரையில் கம்பம் நட்டு ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். என்ன பாட்டு, யார் கச்சேரி என்று நான் உள்ளே சொல்கிறேன். அங்கே மணலில் உட்கார்ந்திருக்கிற ஜனமெல்லாம் கேட்கிறது. ஒரு நாள் எனக்கு முறை இல்லாதபோது நானும் போய் அந்தக் கூட்டத்தில் நின்றேன். பக்கத்தில் நின்றவர், “நேத்து பேசின ஆள் குரல் நல்லாருந்துது, இன்னிக்கு இவன் சுமார்” என்றார். எனக்கு அன்று ராச்சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

அப்பாவும் அம்மாவும் போனபிறகு நீ என்னைப் பள்ளிக்கூடத்தில் விடாமல் தோல் பதனிடுகிற ஷாப்பில் விட்டிருந்தால், இன்றைக்கு நானும் குழியில் இறங்கித் தோலுக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருப்பேன். அதை நினைத்துக்கொள்ளாத நாள் இல்லை.

உன் தம்பி,
ரத்தினசாமி


சேசு மரி சூசை

ஆம்பூர்,
3 ஜூலை 1932

அன்புள்ள தம்பி ரத்தினசாமிக்கு அக்கா சவுரியம்மாள் எழுதுவது.

உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் போடாததற்குப் பள்ளிக்கூடத்து வேலை காரணமில்லை. முதலில் சந்தோஷத்தில் நாள் போயிற்று. கோயில் தெரு முழுக்க உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அப்புறம் வேறொன்று நடந்தது. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

போன மாதம் ஷாப்பிலிருந்து மதராஸ் பெரியமேட்டு மண்டிக்குத் தோல் கட்டு போனபோது மாமாவையும் அவரோடு குழிவேலை பார்க்கிற வாஹித் பாஷாவையும் கூட அனுப்பினார்கள். வேலை முடிந்ததும் மாமா விசாரித்துக்கொண்டே கடற்கரைக்குப் போய் அந்தக் கம்பத்தடியில் நின்றாராம். உன் குரல் வந்ததாம். பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், “எங்க மச்சான்பா அது, எங்க வூட்ல வளர்ந்தவன்” என்று சொன்னாராம். ஒருத்தரும் நம்பவில்லை என்று வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் உன் ஆபீசுக்கு வந்ததைப்பற்றி மட்டும், “பார்த்தேன், நல்லா இருக்கான், காப்பி வாங்கிக் குடுத்தான்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை வாஹித் பாஷாதான் சொன்னார். நான் தோண்டிக் கேட்டபிறகு.

“தங்கச்சி, நான் வாசல்ல நின்னுனு இருந்தேன். உள்ள ஒரு ஆளு யார்ரா இதுன்னு உன் தம்பிய கேட்டான். ஊர்க்காரர், வேலை கேட்டு வந்திருக்கார்னு சொன்னான். சின்னப்பன் காதுல விழுந்துச்சு. இவன் ஆமான்னு தலைய ஆட்டினான்.”

நீ சொன்னதைக்கூட ஒருவிதமாக விழுங்கிவிட்டேன். அவர் தலையாட்டியதுதான் இன்னும் இறங்கவில்லை.

சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருப்பேன் என்று எழுதியிருந்தாய். அந்தச் சுண்ணாம்புதான் உனக்குப் புஸ்தகம் வாங்கியது. உன்னை ஷாப்பில் விடலாம் என்று சொன்னது நான். எட்டாவதுக்குமேல் எதற்கு என்று நான்தான் கேட்டேன். படிக்கட்டும் என்றவர் மாமா. இது உனக்குத் தெரியாது. அவர் சொல்லவேண்டாம் என்றதால் சொல்லவில்லை. இன்று சொல்லிவிட்டேன்.

அக்கா,
சவுரியம்மாள்


மதராஸ்,
21 ஆகஸ்டு 1932

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன்.

மாமா மண்டியிலிருந்து நேரே வந்தார். அவர்மேல் என்ன வாடை வரும் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும், அந்த வாடையில்தான் வளர்ந்தேன். அறையில் இரண்டு பேர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார்கள். மாமா அதைப் பார்ப்பதற்குள் அவரை வெளியே அழைத்துப் போய்விடவேண்டும் என்று எழுந்தேன். அதற்குள் கேள்வி வந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

ஆபீசில் என்னை வேலூர்ப் பையன் என்று மட்டும்தான் தெரியும். எந்தத் தெரு, என்ன ஜனம் என்று யாரும் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். ரேடியோ அறையில் பேசுகிறவர்களுக்காக ஒரு கூஜாவும் டம்ளரும் வைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் எனக்கென்று தனி டம்ளர் வரும். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், டம்ளர் மட்டும் மாறும். இதெல்லாம் உனக்குப் புரியாது. நீ கோயில் தெருவைத் தாண்டி வந்ததில்லை.

மாமாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அல்லது சொல்லாதே, அவரே மறந்திருப்பார். பாஸ்குத் திருநாளுக்கு வர முயல்கிறேன்.

ரத்தினசாமி


சேசு மரி சூசை

ஆம்பூர்,
11 அக்டோபர் 1936

தம்பி ரத்தினசாமிக்கு,

நீ பாஸ்குவுக்கு வருவதாக எழுதி நாலு பாஸ்கு போயிற்று. அதைப் பேச இதை எழுதவில்லை. ஒரு காரியம் கேட்டு எழுதுகிறேன்.

ஷாப்பில் வேலைநிறுத்தம். இன்றோடு மூன்றாவது வாரம். தோலுக்கு விலை இறங்கிவிட்டது என்று கூலியைக் குறைத்தார்கள். அதற்குக்கூட ஆட்கள் முணுமுணுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். சுண்ணாம்பில் கை வெந்தவனுக்கு, புண் ஆறுகிறவரைக்கும் கொடுத்துவந்த அரைக்கூலியையும் நிறுத்தியபிறகுதான் எல்லாரும் வெளியே வந்தார்கள். மாமா கையை நீ பார்த்து எத்தனை காலமாயிற்றோ. விரல் இடுக்கெல்லாம் பிளந்து கிடக்கிறது. சோற்றில் உப்புப் பட்டால் எரிகிறதென்று கரண்டியால் சாப்பிடுகிறார்.

ஐந்து பேர் முன்னால் நின்று நடத்துகிறார்கள். மாமா ஒருவர், வாஹித் பாஷா ஒருவர். கூட்டத்தில் பேசத் தெரியாமல் மாமா தடுமாறுகிறார். “இன்னா சொல்றதுன்னு தெரியும், எப்படி சொல்றதுன்னுதான் தெரியல” என்கிறார். நானும் என் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் இரண்டு பேரும் வீடு வீடாகப் போய் அரிசி வாங்கிக் கஞ்சி காய்ச்சுகிறோம். முஸ்லிம் வீட்டுப் பெண்கள் படுதாவுக்குப் பின்னாலிருந்து முறத்தை நீட்டுகிறார்கள். முதலாளி பக்கத்து உறவுக்காரர் வீடுகளிலிருந்துகூட வருகிறது.

போன தை மாதம் உன் கம்பெனி வண்டி இங்கே தலைவலித் தைலம் விற்க வந்ததே, நினைவிருக்கிறதா. வண்டிமேல் ஒலிபெருக்கிக் குழாய் வைத்துக் கிராமபோன் பிளேட் போட்டார்கள். உன் குரல் வந்தது. சந்தையே கூடிவிட்டது. தலைவலி இல்லாதவர்களும் வாங்கினார்கள். நம்ம பிள்ளை சொல்கிறான் என்று வாங்கினார்கள்.

அந்த வாயால் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல். மதராஸ் பத்திரிகை எதிலாவது எங்கள் நியாயத்தை நாலு வரி போடச்செய். உனக்கு எல்லா ஆபீசிலும் ஆள் தெரியும். எங்களுக்கு உன்னைத் தவிர யாரையும் தெரியாது.

அக்கா


மதராஸ்,
19 அக்டோபர் 1936

அக்காவுக்கு,

கார்டில் எழுதுவதற்கு மன்னிக்கவும். வேலை ஜாஸ்தி.

ரேடியோவில் இதைப்பற்றியெல்லாம் வாய் திறக்க முடியாது, அது கார்ப்பரேஷனுடையது. பத்திரிகைகளுக்கு விளம்பரம் கொடுப்பவர்களில் தோல் வியாபாரிகளும் உண்டு, அதனால் பத்திரிகைக்காரர்கள் போடமாட்டார்கள். மாமாவை ரொம்ப முன்னால் நிற்கவேண்டாம் என்று சொல். எனக்கு வேறொரு வழி தோன்றுகிறது. எல்லாருக்கும் நல்லதாகவே முடியும். பொறுத்திரு.

ரத்தினசாமி


ஆம்பூர்,
20 நவம்பர் 1936

ஸ்ரீ ரத்தினசாமி அவர்களுக்கு சவுரியம்மாள் எழுதிக்கொண்டது.

தாங்கள் அனுப்பிய வண்டி போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குள் வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்வதைப்போல நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

முதலில் பாட்டுப் போட்டார்கள். குழந்தைகள் ஓடின. பிறகு பாட்டு நின்று தங்கள் குரல் வந்தது. நான் கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தேன். “அன்புள்ள தொழிலாளர் சகோதரர்களே” என்று கேட்டதும் கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன். தம்பி வந்துவிட்டான், எங்களுக்காகப் பேச வந்துவிட்டான் என்று நினைத்து ஓடினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் வண்டிக்குள் எட்டிப்பார்த்தேன். டிரைவர் பீடி குடித்துக்கொண்டிருந்தான். பிளேட் சுற்றிக்கொண்டிருந்தது.

தாங்கள் சொன்னது இதுதான். முதலாளிகள் மனம் இளகியிருக்கிறார்கள். கூலியைப்பற்றிப் பிறகு உட்கார்ந்து பேசலாம். திங்கட்கிழமை காலையில் எல்லாரும் வேலைக்கு வாருங்கள். ஒருவரும் நீக்கப்படமாட்டார்கள். நான் உங்கள் ஊர்ப் பிள்ளை. இது என் வார்த்தை.

அதைத் தெருத் தெருவாகப் போட்டார்கள்.

சனிக்கிழமை ஆட்கள் பாலாற்று மணலில் கூடினார்கள். வாஹித் பாஷா வேண்டாம் என்றார். “பிளேட்டுக்கு இன்னாப்பா, யார் சாவி குடுத்தாலும் பேசும்” என்றார். பாதிப் பேர் அவர் பக்கம் இருந்தார்கள். அப்போது என் வீட்டுக்காரர் எழுந்தார். அன்று மட்டும் அவர் தடுமாறவில்லை.

“பிளேட்டு பேசும், வாஸ்தவம். ஆனா இது என் வூட்ல வளர்ந்த புள்ள. என்னை வெளிய நிறுத்தறதுக்கு அவன் குரல் குடுப்பானா? நான் பொறுப்பு. போலாம் வாங்க.”

அவர் பொறுப்பு என்று சொன்னதால் போனார்கள்.

திங்கட்கிழமை ஷாப் வாசலில் போலீஸ்காரர்கள் நின்றார்கள். ஐந்து பெயரைப் படித்தார்கள். சின்னப்பன் பெயர் முதலில். ஐந்து பேரையும் ஓரமாக நிறுத்திவிட்டு மற்றவர்களை உள்ளே விட்டார்கள். உள்ளே போனவர்களில் பலர் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் போய்விட்டார்கள். எட்டு வாரப் பட்டினி, நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

தங்களுக்கு வேறொரு வழி தோன்றுவதாக எழுதியிருந்தீர்கள். கண்டுகொண்டோம்.

சவுரியம்மாள்


மதராஸ்,
2 டிசம்பர் 1936

அக்கா,

தாங்கள் என்று எழுதாதே. திட்டுவதாக இருந்தால் நீ என்றே திட்டு.

எங்கள் கம்பெனிக்கு முதலாளிகளிடமிருந்து அந்தப் பிளேட் வேலை வந்தபோது நான் முதலில் முடியாது என்றுதான் சொன்னேன். நீ நம்பமாட்டாய், ஆனால் சொன்னேன். ராமலிங்கம் என்னைக் கூப்பிட்டு, “நீ பேசலைன்னா வேற ஆள் பேசுவான். நீ பேசினா உன் ஊர்ப்பக்கத்து சனத்துக்கு நாலு நல்ல வார்த்தையாவது சேர்க்கலாம்” என்றார். வேலைநிறுத்தம் எப்படியும் தோற்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். வடக்கே இருந்து ஆள் கொண்டுவரப் பேச்சு நடக்கிறது என்றார்கள். நீங்களாகத் திரும்பினால் மாமாவுக்கு வேலையாவது மிஞ்சும் என்று நினைத்தேன்.

எனக்குக் கொடுத்த தாளில் ‘ஒருவரும் நீக்கப்படமாட்டார்கள்’ என்று இருந்தது. அதை நான் எழுதவில்லை. ‘நான் உங்கள் ஊர்ப் பிள்ளை, இது என் வார்த்தை’ என்பது தாளில் இல்லை. அதை நான் சேர்த்தேன். வெறுமனே வாசித்தால் நம்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமாக எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான் அக்கா, ஒரு வாசகத்தில் எது குறைகிறது என்று கண்டுபிடிப்பது.

உன் கடிதம் கிடைத்ததும் ராமலிங்கத்திடம் போனேன். ஐந்து பேரை நிறுத்திவிட்டார்களே என்றேன். அவர் தலை நிமிரவில்லை. “தைலம் தடவினவனுக்கெல்லாம் தலைவலி போச்சாப்பா? நாம சொன்னோம், அவன் வாங்கினான். நம்ம வேலை அதோட முடிஞ்சுது” என்றார். நான் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். பிறகு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

வேலையை விட்டுவிடச் சொல்வாய். விட்டால் மாமாவுக்கு அந்த வேலை திரும்ப வருமா?

மாமாவை இங்கே அனுப்பு. கம்பெனி வண்டியோடு போய்க் குழாய் கட்டி இறக்க ஓர் ஆள் வேண்டும். நான் சொன்னால் எடுத்துக்கொள்வார்கள்.

ரத்தினசாமி


சேசு மரி சூசை

கோலார் தங்கவயல்,
6 ஜூன் 1937

தம்பி ரத்தினசாமிக்கு,

மரியாதை கொடுத்து எழுதிப் பார்த்தேன். கை ஓடவில்லை. நீ என்றே எழுதுகிறேன்.

உன் போன கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். குழாய் கட்டி இறக்குகிற வேலை என்ற இடத்துக்கு வந்தபோது, எழுந்துபோய் விறகு பிளந்தார். அவர் இங்கே சுரங்கத்தில் இறங்குகிறார். மரியம்மாளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது, எனக்கு டீச்சர் வேலை கிடைக்கவில்லை.

ஆம்பூரை விட்டது வேலை போனதால் இல்லை. பக்கத்து ஊர்களில் எங்காவது ஒரு ஷாப்பில் குழிவேலை கிடைத்திருக்கும். எங்களை அங்கே இருக்கவிடாதது ஒரு பேச்சு. மச்சானும் மாமனும் சேர்ந்து ஊரை விற்றுவிட்டார்கள் என்று பேசினார்கள். சின்னப்பன் வெளியே நின்றதே நாடகம், அவனுக்குச் சேரவேண்டியது மதராசில் சேர்ந்துவிட்டது என்றார்கள். நிறுத்தப்பட்ட மற்ற நாலு பேரில் ஒருவன் காசி, அவன் வீட்டுக்காரி பட்டம்மாள் கிணற்றடியில் நான் வைத்த குடத்தை எடுத்துத் தூர வைத்தாள். அவளோடு நான் ஒரு தட்டில் சாப்பிட்டவள். வாஹித் பாஷா மட்டும் வந்துகொண்டிருந்தார். அவரையும் இன்னாத்துக்கு அந்த வூட்டுக்குப் போறே என்று கேட்டார்கள்.

மாமா ஒருத்தரிடமும் மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்.

அவர் உன்னிடம் எதையும் கேட்கமாட்டார். நான் கேட்கிறேன். நீ ஆம்பூருக்கு வா. வண்டி வேண்டாம், குழாய் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனம் வெளியே வரும்போது கோயில் வாசலில் நில். சின்னப்பனுக்கு இதில் ஒன்றும் தெரியாது, அவர் என்னை நம்பினார், நான் பொய் சொன்னேன் என்று சொல். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தைலத்துக்கு நீ அதைவிட அதிகம் பேசினாய்.

நான் அங்கே திரும்பப் போவதற்காகக் கேட்கவில்லை. அவர் பேர் அங்கே அப்படிக் கிடக்கக்கூடாது.

அக்கா


மதராஸ்,
29 ஜூன் 1937

அன்புள்ள அக்காவுக்கு,

வருகிறேன். கட்டாயம் வருகிறேன். நீ கேட்டது நியாயம். அதைவிடக் குறைவாக நீ கேட்டிருக்க முடியாது.

கொஞ்சம் அவகாசம் மட்டும் கொடு. மதராசில் சர்க்கார் பெரிய ரேடியோ நிலையம் கட்டப்போகிறது. ராஜதானி முழுக்கக் கேட்கும். கார்ப்பரேஷன் ரேடியோவில் இருந்த என்னைப்போன்ற சிலரைப் பரிசீலிக்கிறார்கள். ஆளைப்பற்றிப் போலீசில் விசாரிப்பார்களாம். இந்த நேரத்தில் வேலைநிறுத்தம் நடந்த ஊரில் போய்க் கூட்டத்தில் பேசினேன் என்று ஒரு குறிப்புப் போனால் எல்லாம் கெட்டுவிடும். அது கிடைத்துவிட்டால் விளம்பரக் கம்பெனியை விட்டுவிடுவேன், பிறகு ராமலிங்கத்துக்கோ வேறு யாருக்கோ நான் பயப்படவேண்டியதில்லை. முதல் வேலையாக ஆம்பூருக்கு வருவேன்.

மாமாவிடம் சொல்.

உன் தம்பி,
ரத்தினசாமி


மதராஸ்,
30 ஜனவரி 1939

அக்கா,

நான் எழுதிய ஐந்தாறு கடிதங்களுக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. இதற்கும் வராமல் போகலாம். வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

சர்க்கார் ரேடியோவில் வேலை கிடைத்துவிட்டது உனக்குத் தெரிந்திருக்கும். என் பெயரைச் சொல்லித்தான் அறிவிப்பைத் தொடங்குகிறேன். எங்கெங்கிருந்தோ கடிதம் வருகிறது. ஆம்பூரிலிருந்தும் வந்தது. ஊருக்குப் பெருமை தேடித் தந்த பிள்ளைக்கு வர்த்தகப் பிரமுகர்கள் சேர்ந்து வரவேற்புக் கொடுக்கிறார்களாம். நான் உடனே ஒப்புக்கொண்டேன். மாலைக்காக இல்லை. இதுதான் சமயம், ஊரே கூடியிருக்கும், மைக்கும் இருக்கும், நீ கேட்டதைச் சொல்லிவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். என்ன சொல்வது என்று ரயிலில் வரிவரியாக யோசித்தேன். காட்பாடி தாண்டியபோது முழுவதும் மனப்பாடமாகிவிட்டது.

பந்தல் போட்டிருந்தார்கள். எதிரே முன்வரிசையில் பெரியவர்கள். பின்னால் ஷாப் ஆட்கள். எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள் அக்கா. அதை நான் எதிர்பார்க்கவில்லை. கோபத்தோடு பார்ப்பார்கள் என்று தயாராகிப் போயிருந்தேன். ஒருத்தி தன் பிள்ளையைத் தூக்கிக் காட்டி, “மாமாவ பாரு, பொட்டிக்குள்ள பேசுவாரே அவரு” என்றாள். மாலை போட்டார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள்.

எழுந்து நின்றேன். கடைசியில் ஒரு கம்பத்தில் சாய்ந்து வாஹித் பாஷா நிற்பதைப் பார்த்தேன். தாடி வெளுத்துவிட்டது. அவர் கை கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த ஊர் எனக்குக் கொடுத்த குரல்” என்று தொடங்கினேன். கை தட்டினார்கள். தட்டி ஓயட்டும், பிறகு சொல்லலாம் என்று நின்றேன். ஓய்ந்தது. நன்றி சொன்னேன். தலைவருக்கு நன்றி, பந்தல் போட்டவர்களுக்கு நன்றி. உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு வாஹித் பாஷாவைத் தேடிப்போனேன். ஸ்டேஷன் பக்கத்தில் தேங்காய் விற்கிறாராம், அங்கேயே பிடித்தேன். “பாய், சொல்லணும்னுதான் வந்தேன்” என்றேன். அவர், “தெரியும்பா. வாயத் தொறந்தே, பார்த்தேன்” என்றார். பிறகு, வண்டிக்கு நேரமாகிவிட்டதா என்று கேட்டார்.

நீ என்ன வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

ரத்தினசாமி


சேசு மரி சூசை

கோலார் தங்கவயல்,
10 செப்டம்பர் 1939

தம்பி ரத்தினசாமிக்கு அக்கா சவுரியம்மாள் எழுதுவது.

உன் ஜனவரிக் கடிதம் வந்தது. அதற்கு முன்னால் வந்தவையும் வந்தன. பதில் எழுதாததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. நீ இன்னும் அந்தக் காரியத்தைச் செய்யவேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போன வருஷம் தவக்காலத்தில் மாமா தனியாக ஆம்பூர் போனார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை, லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நிறுத்தப்பட்ட நாலு பேர் வீட்டுக்கும் போயிருக்கிறார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, “குரல் அவனுது. நம்பச் சொன்னது நான். உங்க பொழப்பு போனது என்னாலதான்” என்று சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டில் கதவை அடைத்துக்கொண்டார்கள். பட்டம்மாள் அழுதுகொண்டே திட்டி, பிறகு உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டாளாம். காசி மட்டும் கேட்டானாம், “உனக்கு நிஜமாவே தெரியாதா?” என்று. “தெரியாது. தெரிஞ்சிருக்கணும்” என்றாராம்.

திரும்பி வந்து இரண்டு நாள் நன்றாகத் தூங்கினார். அதற்குமேல் நான் உன்னிடம் கேட்க என்ன இருக்கிறது?

மேடையில் நடந்ததை நீ எழுதுமுன்பே வாஹித் பாஷா ஒருவரிடம் சொல்லியனுப்பியிருந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. மாமாவிடம் சொன்னேன். அவர், “வுடு, அவனுக்கு எழுதிக் குடுத்தாத்தான் வரும்போல” என்றார். அது கேலியா இரக்கமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இங்கே சுரங்கத்து கிளப் வாசலில் ஒரு ரேடியோ வைத்திருக்கிறார்கள். ஷிப்டு முடிந்து வரும் ஆட்கள் அங்கே கூடுவார்கள். நான் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மரியம்மாள் இழுத்துக்கொண்டு போனாள். பாட்டை நிறுத்திவிட்டு உன் குரல் வந்தது. முன்னைவிடக் கனத்திருக்கிறது. சீமையில் யுத்தம் ஆரம்பித்துவிட்டது என்று சொன்னாய். நிறுத்தி நிறுத்தி, நன்றாகச் சொன்னாய். உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் எழுந்துவிட்டார்கள். ஒருத்தி பட்டாளத்தில் இருக்கும் தன் பிள்ளை பேரைச் சொல்லி அழ ஆரம்பித்தாள். நான் மரியம்மாளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

மாமா மட்டும் உட்கார்ந்தே இருந்தார். பக்கத்தில் இருந்தவர், “இன்னா சின்னப்பா, சண்டை வந்துடுச்சுன்றான், நீ பாட்டுக்கு குந்தினு இருக்கியே” என்றார்.

“கேட்டேன். வேற யாராச்சும் சொல்லட்டும்” என்றார் மாமா.

அக்கா,
சவுரியம்மாள்